வெள்ளிக்கிழமை மீனும் தெருமுனை மதுக்கடையும்: மில்வாக்கியில் வெளியே சாப்பிடுவது

அமெரிக்க நகரம் ஒன்றில் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், கைப்பேசியைத் திறந்து நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்வதே இன்றைய வழக்கமாகிவிட்டது. மில்வாக்கியைப் பொறுத்தவரை அந்த வழக்கம் அவ்வளவாக உதவாது என்பது என் கருத்து. பெரிய தட்டின் நடுவில் சிறு கவளம் உணவை வைத்து நீட்டும் உணவகங்கள் இங்கேயும் உண்டு. அவற்றில் சில நன்றாகவே சமைக்கின்றன. ஆனால் அவற்றுக்காக ஒருவர் மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரைவரை வர வேண்டியதில்லை. சிகாகோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவில், 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர் வாழும் இந்த விஸ்கான்சின் மாநில ஊரில், வெளியே போய்ச் சாப்பிடுவது என்றால் பெரும்பாலும் குடிக்கும் இடத்துக்குப் போய்ச் சாப்பிடுவது என்றுதான் பொருள். குடிக்காதவர்களுக்கும் அப்படித்தான். இந்த ஊருக்குச் சாப்பாட்டு மேசையைப் போட்டுக் கொடுத்தவர்கள் பீர் வடித்தவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியிலிருந்து திரளாக வந்து குடியேறியவர்கள் லாகர் பீர் வடிக்கும் தொழிலையும் உடன் கொண்டுவந்தார்கள். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ், மில்லர் என்று நாட்டுக்கே தெரிந்த பெயர்கள் எல்லாம் இந்த ஒரே ஊரில் முளைத்தவை. 1871 இல் சிகாகோவைப் பெருந்தீ அழித்தபோது மில்வாக்கியிலிருந்து பீர் அங்கே போனது. தாகம் தீர்ந்த ஊர் பிறகு வாடிக்கையாளராகவும் ஆனது. மில்வாக்கிக்குப் புகழ் தேடித்தந்த பீர் என்றே ஷ்லிட்ஸ் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. பீரை வடித்தால் மட்டும் போதாது, விற்கவும் வேண்டும் அல்லவா? அதற்காக இந்த நிறுவனங்கள் தொழிலாளர் குடியிருப்புகளின் தெருமுனை மனைகளாகப் பார்த்து வாங்கி, கீழே மதுக்கடையும் மேலே கடைக்காரர் குடும்பத்துக்கு வீடுமாகக் கட்டி, எங்கள் பீரை மட்டும்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு குத்தகைக்கு விட்டன. டாவர்ன் என்று இங்கே அழைக்கப்படும் அந்தக் கடைகளில் ஷ்லிட்ஸ் கட்டியவற்றை அதன் முத்திரையான உலக உருண்டையைக் கொண்டு இன்றும் அடையாளம் காணலாம்.

1920 இல் மதுவிலக்கு வந்தது. 1933 இல் போனது. மறுபடியும் பீர் ஓடத் தொடங்கியபோது, வடிப்பவரே கடையையும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் மாறியிருந்ததால், அந்தக் கட்டடங்கள் தனியார் குடும்பங்களின் கைக்கு வந்தன. ஆலைகளுக்கு அதற்குப் பின் வந்த காலம் நல்லதாக அமையவில்லை. ஷ்லிட்ஸ் 1981 இல் இங்கே ஆலையை மூடியது. பாப்ஸ்ட் 1996 இல் மூடியது, அதன் வளாகத்தில் இப்போது தங்கும் விடுதி நடக்கிறது. பெரிய ஆலைகளில் 1855 இல் தொடங்கிய மில்லர் மட்டுமே இன்னும் இங்கே வடிக்கிறது. தெருமுனைக் கடைகளோ ஆலைகளைவிட ஆயுள் கெட்டியானவையாக இருந்தன. பே வியூ பகுதியில் 1897 இல் ஷ்லிட்ஸ் கட்டிய ஒரு கடையில் 1950களில் ஒரு செர்பியக் குடும்பம் த்ரீ பிரதர்ஸ் என்ற உணவகத்தைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்திவந்தது. 2002 இல் அதற்கு அமெரிக்க உணவுலகில் பெரிதும் மதிக்கப்படும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. அங்கே சாப்பிட வேண்டியது புரெக். மெல்லிய மாவு அடுக்குகளுக்கிடையே சீஸையோ இறைச்சியையோ வைத்துச் சுட்டெடுக்கும் அந்தப் பண்டம் மேசைக்கு வர அரை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் பழைய மரக் கவுன்டரையும் தகர மேற்கூரையின் பூ வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு இந்த இடத்தில் ஒரு தயக்கம் வரும். 2003 இல் மதுச் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்ட பிறகு வளர்ந்த தலைமுறைக்கு, மது அருந்தும் இடம் என்றால் கம்பிவலைக்குப் பின்னால் கை நீட்டி வாங்கி, அருகிலுள்ள கொட்டகையில் நின்றபடியே குடித்து, யாரும் பார்ப்பதற்குள் கிளம்பிவிடும் இடம். பெண்களும் குழந்தைகளும் அங்கே போவது நினைத்துப் பார்க்கக்கூடியது அல்ல. என் தகப்பனார் முதன்முறை இங்கே வந்தபோது, தெருமுனைக் கடை ஒன்றின் சன்னலில் ஒளிரும் பீர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏம்ப்பா, சின்னப்புள்ளைய வச்சுக்கிட்டு இங்கயா வர்றது?” என்றார். “உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்கப்பா” என்றேன். உள்ளே குழந்தைகளுக்கான உயர நாற்காலிகள் மூன்றிலும் ஆள் இருந்தது. மூலை மேசையில் நான்கு கிழவிகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மீனைப் பற்றி மட்டும் பேசினார்.

பெற்றோர் உடனிருந்தால் மது அருந்தும் சட்ட வயதை எட்டாதவர்களும் மதுக்கடையில் உட்காரலாம், கடைக்காரர் சம்மதித்தால் அருந்தவும் செய்யலாம் என்பது விஸ்கான்சின் மாநிலச் சட்டம். இரண்டாவது பகுதியை நான் ஆதரிக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதன்முறை பிடிபட்டால் அதைக் குற்றமாகக் கருதாமல் அபராதச் சீட்டோடு விட்டுவிடும் ஒரே அமெரிக்க மாநிலமும் இதுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த ஊரின் குடிப்பழக்கத்தை அழகான மரபு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆனால் சட்டத்தின் முதல் பகுதி இல்லாமல் இங்கே வெள்ளிக்கிழமை இல்லை. 2010 ஜூலையில் உட்புறப் புகைபிடித்தலுக்குத் தடை வந்த பிறகு, பிள்ளைகளோடு வருவது இன்னும் எளிதாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை இந்த ஊர் மீன் சாப்பிடுகிறது. ஃபிஷ் ஃப்ரை என்று பெயர். ஜெர்மானியரும் போலந்துக்காரருமாகக் குடியேறிய கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்ணாத நோன்பைக் கடைப்பிடித்தவர்கள். ஏரியிலோ மீன் மலிந்திருந்தது. மதுவிலக்குக் காலத்தில் பீர் விற்க முடியாமல் தவித்த கடைக்காரர்கள், கதவைத் திறந்து வைத்திருக்க ஒரு வழியாக மீன் பொரிக்கத் தொடங்கினார்கள் என்று இங்கே சொல்வார்கள். 1966 இல் அமெரிக்க ஆயர்கள் தவக்காலத்துக்கு வெளியே உள்ள வெள்ளிக்கிழமைகளுக்கு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். நோன்பு தளர்ந்தது, மீன் தளரவில்லை. இன்று லூத்தரன்களும் யூதர்களும் எந்தக் கடவுளையும் கும்பிடாதவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்திலும், முன்னாள் படைவீரர் சங்கத்திலும், பந்துருட்டும் கூடத்திலும், தெருமுனைக் கடையிலும் அன்றைக்கு ஒரே எண்ணெய் மணம்தான்.

தட்டில் இருப்பவை ஏறத்தாழ எங்கும் ஒன்றே. இரண்டு மூன்று துண்டு மீன், கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் கலவை, வெண்ணெய் தடவிய ரை தானிய ரொட்டி, தொட்டுக்கொள்ள டார்டார் சாஸ், எலுமிச்சைத் துண்டு. இவற்றோடு உருளைக்கிழங்கு எந்த வடிவில் வேண்டும் என்று கேட்பார்கள். பிரெஞ்சு ஃப்ரை என்று சொல்லிவிடாதீர்கள். பொட்டேட்டோ பேன்கேக் என்று சொல்லுங்கள். துருவிய உருளைக்கிழங்கை வெங்காயமும் முட்டையும் சேர்த்து ஓரம் முறுகச் சுட்ட அடை போன்ற பண்டம் அது. கூடவே ஆப்பிள் கூழ் ஒரு கிண்ணத்தில் வரும். உப்புப் பண்டத்துக்கு இனிப்புக் கூழா என்று முகம் சுளிக்கத் தோன்றும். கொஞ்சம் தொட்டுக்கொண்டு சாப்பிட்டால், எண்ணெயின் கனத்தை அந்தப் புளிப்பு எப்படி அறுக்கிறது என்பது தெரியும்.

மீனை எப்படிப் பொரிக்கிறார்கள் என்பதில்தான் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. பீர் ஊற்றிக் கரைத்த மாவே இங்கே பெருவழக்கு. பீரிலுள்ள வாயு சூடான எண்ணெயில் விரிந்து மாவை நுரைக்கச் செய்கிறது. ஆல்கஹால் நீரைவிட விரைவாக ஆவியாவதால் மேலோடு சீக்கிரம் காய்ந்து முறுகுகிறது. ஆகவே உள்ளே மீன் வறளுவதற்கு முன்பே எடுத்துவிட முடிகிறது. தெரிந்த சமையல்காரர் மாவில் தோய்த்த துண்டை அப்படியே எண்ணெயில் போட்டுவிட மாட்டார். ஒரு நுனியைப் பிடித்தபடி முக்கால்வாசியை எண்ணெயில் இறக்கி, மாவு பிடித்துக்கொள்ளும்வரை லேசாக முன்னும் பின்னும் அசைத்து, அதன் பிறகே கையை விடுவார். இல்லாவிட்டால் துண்டு கூடையின் கம்பியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோல் உரிந்து வரும். தட்டுக்கு வந்த துண்டை முள்கரண்டியால் உடைத்தால் மேலோடு சத்தத்தோடு உடைய வேண்டும், ஆவி வர வேண்டும், வெள்ளை மீன் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். அடிப்பக்கம் ஈரமாகத் தொங்கினால் எண்ணெய் போதிய சூட்டில் இல்லை என்று அர்த்தம். கூட்டம் மிகுந்த நேரத்தில் கூடையில் அளவுக்கு மீறித் துண்டுகளை நிரப்பிவிடும் கடைகளில் இது நேரும்.

என்ன மீன் என்பது கொஞ்சம் சோகமான கதை. பழைய வெள்ளிக்கிழமைகளின் மீன், மிச்சிகன் ஏரியில் பிடித்த மஞ்சள் பெர்ச். உள்ளங்கை நீளத்தில், தோலோடு பொரித்து, ஒரு தட்டில் ஐந்தாறு வைப்பார்கள். இனிப்புச் சாயல் உள்ள நன்னீர் மீன். 1990களில் ஏரியில் அதன் எண்ணிக்கை சரிந்ததால், 1996 இல் இந்தப் பகுதி ஏரிநீரில் பெர்ச்சைப் பிடித்து விற்பதை மாநில அரசு நிறுத்திவிட்டது. இப்போது ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு கடலிலிருந்து வந்த காட் மீனைத்தான் பெரும்பாலும் தின்கிறோம். பெர்ச் வேண்டுமென்றால் வேறு ஏரியிலிருந்து வந்ததற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். கொடுக்கலாம் என்பேன், காட் தடித்த சதையோடு சாதுவாக இருக்கும், பெர்ச்சுக்குத்தான் தனக்கென்று ஒரு சுவை உண்டு.

முதன்முறை வருபவரை நான் பெரும்பாலும் லேக்ஃபிரண்ட் ஆலைக்கு அழைத்துப் போவேன். 1987 இல் அண்ணன் தம்பி இருவர் தொடங்கிய சிறு ஆலை அது; ஒரு காலத்தில் நகரின் மின்சார டிராம் நிறுவனத்துக்கு உரியதாக இருந்த நிலக்கரி மின்நிலையக் கட்டடத்தில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நீள மேசைகளில் மீன் பரிமாறுவார்கள். போல்கா இசைக்குழு வாசிக்கும். எண்பது வயதுத் தம்பதி எழுந்து ஆடுவார்கள், அவர்கள் காலடியில் நான்கு வயதுப் பிள்ளைகள் ஓடுவார்கள். ஆனால் சத்தம் பிடிக்காதவர்களுக்கு இது உகந்த இடமல்ல. அவர்கள் தெற்குப் பகுதியின் ஏதாவது ஒரு தெருமுனைக் கடைக்கு ஐந்து மணிக்கே போய், பேரைக் கொடுத்துவிட்டு, பார் கவுன்டரில் காத்திருக்கலாம். தவக்காலமென்றால் இன்னும் முன்னதாகப் போக வேண்டும்.

காத்திருக்கும் அந்த நேரத்துக்கென்றே ஒரு பானம் இருக்கிறது. அமெரிக்காவின் பிற இடங்களில் ஓல்ட் ஃபேஷண்ட் என்று கேட்டால் விஸ்கியில் செய்து தருவார்கள், விஸ்கான்சினில் பிராந்தி. கலிஃபோர்னியாவின் கோர்பெல் பிராந்திக்கு இந்த மாநிலம்தான் மிகப் பெரிய சந்தை. கோப்பையின் அடியில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன் மேல் சில சொட்டு கசப்புச் சாறு, ஓர் ஆரஞ்சுத் துண்டு, சிரப்பில் ஊறிய ஒரு செர்ரி. இவற்றை மரக்கட்டையால் நசுக்கிவிட்டு, பனிக்கட்டி நிரப்பி, பிராந்தி ஊற்றுவார்கள். அதற்கு மேல்தான் கேள்வி வரும். ஸ்வீட் என்றால் செவன் அப் போன்ற இனிப்புச் சோடா, சவர் என்றால் புளிப்புச் சோடா, பிரெஸ் என்றால் வெறும் சோடாவும் இனிப்புச் சோடாவும் பாதிக்குப் பாதி. காக்டெயில் விற்பன்னர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். பொரித்த மீனுக்கு முன்னால் குடிக்கும்போது அவர்களுடைய விஸ்கியைவிட இது பொருத்தமாக இருக்கிறது என்பதும் உண்மை. மது வேண்டாதவர்கள் அதையே பிராந்தி இல்லாமல் கேட்கலாம். யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

பானத்துக்காக மட்டும் போகத் தகுந்த ஓர் இடமும் உண்டு. தெற்குப் பகுதியின் சாதாரண வீடுகளுக்கு நடுவே 1938 முதல் இருக்கும் பிரையன்ட்ஸ் என்ற மங்கலான விளக்கொளிக் கடையில் மெனு என்பதே கிடையாது. புளிப்பா இனிப்பா, எந்தப் பழம், எந்த மது என்று பேசிப் பேசி உங்கள் விருப்பத்தைத் தெரிந்துகொண்டு கலக்கித் தருவார்கள். ஐஸ்கிரீம் கலந்த பிங்க் ஸ்குவிரல் என்ற பானம் தங்களிடம்தான் பிறந்தது என்பது அவர்கள் கூற்று. இன்னொரு விந்தை ஹோலர் ஹவுஸ். 1908 இல் தொடங்கிய மதுக்கடை, அதன் நிலவறையில் இரண்டே பந்துருட்டும் தடங்கள், விழுந்த கட்டைகளை இன்றும் ஆளே நிமிர்த்தி வைக்கிறார். ஞாயிறு காலையில் பிளடி மேரி என்ற தக்காளிச் சாறு கலந்த மதுவின் கோப்பை மேல் குச்சியில் சீஸ், தொத்திறைச்சி, இறால் என்று குத்தி, சில கடைகளில் முழுக் கோழியையே நட்டு வைக்கிறார்களே, அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது படம் பிடிப்பதற்காகச் செய்யப்படுவது.

பால் பொருள்களில் இந்த மாநிலத்துக்கு இருக்கும் பிடிவாதம் வேறெங்கும் கிடையாது. வெண்ணெய்க்கு மாற்றான மார்ஜரினை மஞ்சள் நிறமூட்டி விற்பதை 1895 முதல் 1967 வரை இங்கே சட்டமே தடுத்திருந்தது. இல்லினாய் எல்லை தாண்டிப் போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து ஒளித்து வைத்தவர்கள் உண்டு. இன்றும் உணவகத்தில் வாடிக்கையாளர் கேட்டாலன்றி வெண்ணெய்க்குப் பதிலாக அதை மேசையில் வைக்கக் கூடாது. இத்தகைய ஊரில் சீஸ் கர்ட் எனப்படும் சிறு சீஸ் கட்டிகளைச் சாப்பிடாமல் போகக் கூடாது. செடார் செய்யும்போது அச்சில் அழுத்துவதற்கு முன் எடுக்கும் துண்டுகள் அவை; செய்த அன்றைக்கே வாயில் போட்டால் பல்லில் பட்டுக் கிறீச்சிடும். குளிர்பெட்டியில் ஓரிரு நாள் இருந்தால் அந்தக் கிறீச்சு போய்விடும். கடைகளில் பொரித்துத் தருவது வேறொரு பண்டம், பீருக்கு நல்ல துணை. சைவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பல கடைகளில் மீன் பொரித்த அதே எண்ணெயில்தான் இதையும் பொரிக்கிறார்கள்.

சைவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போக எனக்குத் தெரிந்த சிறந்த இடம் கஸ்டர்ட் கடை. ஐஸ்கிரீமைப் போலத்தான் தோன்றும். ஆனால் முட்டை மஞ்சள் கருவின் திடப்பொருள் குறைந்தது 1.4 சதவீதமாவது இருந்தால்தான் இந்தப் பெயரில் விற்கலாம் என்பது நாட்டின் விதி. முட்டை சாப்பிடாத சைவர்களுக்கு இதுவும் ஆகாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்திலிருந்து தடித்த நாடாவாக வழிந்து தொட்டியில் விழுவதை அள்ளி, உடனே கூம்பில் வைத்துத் தருகிறார்கள். ஐஸ்கிரீமில் காற்றை நிறையக் கலப்பார்கள். இதில் மிகக் குறைவு, அதனால் கனமாக இருக்கும். ஐஸ்கிரீம் அளவுக்கு உறைய வைப்பதும் இல்லை, ஆகவே நாக்கு மரத்துப்போகாமல் சுவை முழுதும் தெரியும். கில்லஸ் 1938 இலும், லியான்ஸ் 1942 இலும், காப்ஸ் 1950 இலும் தொடங்கின. காப்ஸைத் தொடங்கியவர் ஜெர்மனியிலிருந்து வந்த எல்சா காப் என்ற பெண்மணி. அங்கே ஒவ்வொரு நாளும் வேறு வேறு சுவை. எந்தத் தேதியில் என்ன என்று மாதம் முழுவதற்கும் அச்சிட்டு வைத்திருப்பார்கள், ஊரார் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்வார்கள். லியான்ஸில் அந்த ஆரவாரமெல்லாம் இல்லை. 27 ஆம் தெருவில் நியான் விளக்குகளோடு நிற்கும் அந்தக் கடையில் உள்ளே உட்கார இடமில்லை. வெனிலா, சாக்லேட், பட்டர் பீகன் என்று சில சுவைகளே உண்டு. எந்தக் கடை சிறந்தது என்று இங்கே குடும்பங்களுக்குள்ளேயே சண்டை வரும். என் வாக்கு லியான்ஸின் பட்டர் பீகனுக்கு.

ஜெர்மன் உணவகங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1902 இல் தொடங்கிய மேடர்ஸ் இன்னும் இருக்கிறது, கவசங்களும் மரவேலைப்பாடுகளும் நிறைந்த அதன் கூடத்தைப் பார்க்கலாம். பன்றிக்கால் வறுவலை விரும்புகிறவர் சாப்பிடலாம். அதற்கு எதிர் வரிசையில் 1880 முதல் தொத்திறைச்சி விற்கும் யூசிங்கர்ஸில் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் வாட்டிச் சாப்பிடுவதே எனக்கு உகந்தது.

காரம் தேடுகிறவர்கள் ஆற்றைத் தாண்டித் தெற்கே போக வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளில் வேலை செய்ய 1920களில் மெக்சிகோவிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார்கள்; அவர்களும் பின்னால் வந்தவர்களும் வாக்கர்ஸ் பாயின்ட்டைச் சுற்றிக் குடியேறினார்கள். போலந்துக்காரர்கள் விட்டுப்போன தெருமுனைக் கடைகள் பலவற்றில் இப்போது டாக்கோ கிடைக்கிறது. 1978 இல் தொடங்கிய எல் ரே மளிகைக் கடைக்குள்ளேயே சாப்பாட்டுக் கவுன்டர் உண்டு; அன்றன்று சுட்ட சோள டார்ட்டியாவைச் சூடு ஆறாமல் பொட்டலம் கட்டித் தருவார்கள், வீடு வந்து சேர்வதற்குள் அதில் பாதி தீர்ந்துவிடும்.

வடமேற்கில் மோங் மக்களின் சந்தைகள் இருக்கின்றன. வியட்நாம் போரின்போது லாவோஸில் அமெரிக்கர்களோடு நின்று, 1975க்குப் பிறகு தாய்லாந்து முகாம்கள் வழியாக அகதிகளாக வந்தவர்கள் இவர்கள். கலிஃபோர்னியா, மின்னசோட்டாவுக்கு அடுத்தபடியாக விஸ்கான்சினில்தான் அதிகம் வாழ்கிறார்கள். சந்தையின் உணவுப் பகுதியில் ஒரு பெண்மணி களிமண் உரலில் பூண்டையும் பச்சை மிளகாயையும் முதலில் இடித்து, பிறகு துருவிய பச்சைப் பப்பாளியைப் போட்டு, எலுமிச்சையும் மீன் சாறும் ஊற்றி, உலக்கையால் ஒரு கை இடிக்க மறு கை கரண்டியால் புரட்டுவதைப் பார்க்கலாம். எத்தனை மிளகாய் என்று கேட்பார். நாம் சொல்லும் எண்ணை அவர் நம்புவதில்லை. கொஞ்சம் கரண்டி நுனியில் எடுத்து நீட்டி, சுவைத்த பிறகு நம் முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார். ஒட்டும் அரிசிச் சோற்றை விரலால் உருட்டி அதோடு சாப்பிட வேண்டும். மில்வாக்கியில் என் நாக்குக்கு மிக நெருக்கமான சாப்பாடு இதுதான்.

கோடையில் ஊர் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. ஆற்றோரத்து எஸ்டாபுரூக் பூங்காவில் 2012 இல் மாவட்ட நிர்வாகம் பீர்த் தோட்டம் ஒன்றைத் திறந்தது. மதுவிலக்குக்குப் பிறகு பொதுப் பூங்காவில் வந்த முதல் பீர்த் தோட்டம் அது. கண்ணாடிக் குவளைக்கு முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம் என்பதுதான் இதில் நமக்கு உதவுவது. ஒரு மேசையில் புளியோதரைத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. காபிக்கு ஏரிக்கரைச் சாலையில் உள்ள கொலெக்டிவோ கடைக்குப் போகலாம். ஆற்றில் சேர்ந்த சாக்கடையை ஏரி நீர் செலுத்தித் தள்ளுவதற்காக 1888 இல் கட்டிய நீரேற்று நிலையம் அது. பழைய இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம். இந்த ஊரில் நல்ல கட்டடங்களை இடித்துவிடாமல் யாராவது அடுப்பு மூட்டிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பில் வரும்போது மெனுவில் கண்ட விலையோடு அது நிற்காது. 2024 ஜனவரியில் நகரம் 2 சதவீத விற்பனை வரியைப் புதிதாகப் போட்ட பிறகு, மாநில வரி 5, மாவட்ட வரி 0.9 ஆகியவற்றோடு உணவகங்களுக்குரிய 0.5 சதவீதமும் சேர்ந்து 8.4 சதவீதம் ஆகிறது. டிப்ஸ் அதற்கு மேல். டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி இந்த மாநிலத்தில் மணிக்கு 2 டாலர் 33 சென்ட்தான் என்பதைத் தெரிந்துகொண்டால், 18 அல்லது 20 சதவீதம் வைப்பது தாராளம் அல்ல, சம்பளத்தில் நம் பங்கு என்பது விளங்கும். இந்த ஏற்பாட்டை நான் நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கான கோபத்தைத் தட்டு கொண்டுவந்தவர் மீது காட்டக் கூடாது. கவுன்டரில் குடிப்பவர்கள் கோப்பைக்கு ஒரு டாலரோ இரண்டோ மேசையிலேயே வைத்துவிட்டு எழுவார்கள்.

புதிதாக இங்கே வேலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் மேற்குப் புறநகரான புரூக்ஃபீல்டை ஒட்டித்தான் வீடு பார்க்கிறார்கள். அங்கே தோசை கிடைக்கும். மனம் நிறைய வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு இந்தியக் கடைகள் நிறைந்த சிகாகோவின் டெவான் அவென்யூவுக்குப் போய், மளிகையும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமையை எனக்கு விடுங்கள் என்று சொல்லி அவர்களைத் தெருமுனைக் கடைக்கு அழைத்துப் போகிறேன். மீனைப் பற்றிக் குறை சொன்னவர்கள் குறைவு. காரம் இல்லையே என்பவர்களுக்கு எல்லாக் கவுன்டரிலும் டபாஸ்கோ புட்டி இருக்கிறது, கேட்டால் தள்ளிவிடுவார்கள்.